ஈசிஜி புராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் நேரத்தில் ஜூனியர்கள் யாராவது எனக்கு போன் செய்வார்கள். "அண்ணா, ஈசிஜி வச்சு இதய நோய் கண்டுபிடிக்கிற சிஸ்டம் பண்ணலாம்னு இருக்கோம். கிராமத்துக்குப் பயன்படுற மாதிரி." நாங்களும் அதைத்தான் செய்தோம். சென்னைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரி, இசிஇ பிரிவு, நான்கு பேர். தாராளமாக எடுங்கள், நல்ல தலைப்பு. ஆனால் நாங்கள் நான்கு மாதம் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

பொருள் வாங்குவது ஒரு விஷயமே இல்லை. ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினால் இதயத்தின் சிக்னலைப் பெருக்கித் தரும் ஏடி8232 மாட்யூல், அதைப் படிக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு, உடம்பில் ஒட்டும் எலக்ட்ரோடு எல்லாம் கிடைத்துவிடும். லேபில் மாட்டிப் பார்த்தபோது திரையில் வந்தது ஈசிஜி இல்லை, ரம்பத்தின் பல் மாதிரி ஒரு கோடு. யாரோ லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி அடங்கியது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. அதை வடிகட்ட ஃபில்டர் போட்டிருந்தோமே என்று பார்த்தால், இணையத்தில் எடுத்த நிரல் அமெரிக்க மின்சாரத்துக்கு எழுதியது, 60 ஹெர்ட்ஸை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு எண்ணை மாற்ற எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எலக்ட்ரோடு ஒருவர் உடம்பில் இருக்கும்போது சுவர் மின்சாரம் எந்த வழியிலும் அந்தக் கருவியைத் தொடக் கூடாது. போர்டுக்கு பேட்டரி, லேப்டாப்பும் பேட்டரியில். இதில் சமரசமே வேண்டாம்.

அடுத்தது டேட்டா. எல்லோரும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி பதிவுத் தொகுப்பில்தான் தொடங்குவார்கள், தொடங்கலாம். 1975 முதல் 1979 வரை பாஸ்டனில் எடுத்த பதிவுகள், 1980-ல் வெளியிட்டார்கள். 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நொடிக்கு 360 புள்ளிகள். சுமார் 1,10,000 துடிப்புகளுக்கு இதய மருத்துவர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பிசியோநெட் தளத்தில் இலவசம். உங்கள் போர்டு நொடிக்கு 250 புள்ளி எடுத்தால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

துடிப்புகளை வகை பிரிக்க அந்த டேட்டாவில் பழக்கிய நிரல்தான் எங்கள் மாடல். முதல் ரிவ்யூவில் அதன் துல்லியம் 99 சதவீதத்தைத் தொட்டது. கைதட்டுவார்கள் என்றே நினைத்தோம். எங்கள் கைடு மேடம் ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "டிரெயினிங்ல இருக்கிற ஆளோட துடிப்பு டெஸ்ட்லயும் இருக்கா?" இருந்தது. மொத்தத் துடிப்புகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, மாடலைப் பழக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று பிரித்திருந்தோம். ஒருவருடைய முதல் துடிப்பைப் பார்த்துப் படித்த மாடல், அதே ஆளின் இரண்டாவது துடிப்பை அடையாளம் கண்டுகொண்டது. உத்திரமேரூரிலிருந்து வரும் புது ஆளின் இதயத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆட்களை வைத்துப் பிரிக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களின் 4 பதிவுகளை ஒதுக்கிவிட்டு, மீதி 44-ஐப் பழக்க 22, சோதிக்க 22 என்று பிரிக்கும் முறை 2004 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பதிவு 201, 202 இரண்டும் ஒரே ஆளுடையவை, ஆனால் அந்தப் பிரிவில் ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் விழுகிறது. இரண்டையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, ஏன் வைத்தீர்கள் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்லுங்கள். நீங்கள் டேட்டாவைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

சரி, அப்படிப் பிரித்ததும் எங்கள் 99 எவ்வளவு ஆனது? 91. பரவாயில்லையே என்று தோன்றும், ஆனால் அதுவும் ஏமாற்று எண்தான். அந்தத் தொகுப்பில் பத்துக்கு ஒன்பது துடிப்புகள் இயல்பானவை என்ற வகையில் வருகின்றன. எதைக் காட்டினாலும் "இயல்பு" என்று சொல்லும் ஒரு வரி நிரலே கிட்டத்தட்ட 90 வாங்கிவிடும். அதனால் மொத்தத் துல்லியத்தை ரிப்போர்ட்டின் முகப்பில் போடாதீர்கள். இதயத்தின் கீழறையிலிருந்து வரும் கோளாறான துடிப்புகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடித்தோம், எத்தனையைத் தவறவிட்டோம் என்று தனியாக எழுதுங்கள். எண் சின்னதாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அதுதான் உண்மை.

எங்கள் புராஜெக்டைத் திருப்பிப் போட்டது அதற்கப்புறம் நடந்த ஒரு பயணம். மேடத்துக்குத் தெரிந்த மருத்துவ அலுவலர் அனுமதி கொடுத்ததால், உத்திரமேரூரைத் தாண்டி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். கருவியை எடுத்துப் போகவில்லை. நோயாளி மேல் எதையும் வைப்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அது மாணவர் புராஜெக்டுக்கும் பொருந்தும். ஓரமாக நின்று பார்க்க மட்டும்தான் போனோம்.

வயலிலிருந்து நேராக வந்த ஒரு பாட்டி படுத்திருந்தார். "கரண்டு வைக்கப் போறியா கண்ணு?" என்று கேட்டார். "கரண்டெல்லாம் இல்ல பாட்டி, ஆடாம படு" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் வியர்வையைத் துடைத்து, வளையலை மேலே தள்ளி, கை கால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் உறிஞ்சிப் பிடிக்கும் ஆறு ரப்பர் பல்பு வைத்தார். காகிதத்தில் கோடு நடுங்கியது. நாங்களாக இருந்தால் உடனே ஃபில்டரைப் பற்றிப் பேசியிருப்போம். சிஸ்டர் பாட்டியின் கையைப் பார்த்தார். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார் பாட்டி. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்தார். கோடு அடங்கிவிட்டது.

அப்புறம் அந்தக் காகிதத்தை போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்ப முயன்றார். சிக்னல் இல்லை. வாசலில் வேப்பமரத்தடிக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தார். எங்கள் சிஸ்டம் முழுக்க கிளவுடில், அதாவது இணையம் இருந்தால்தான் ஓடும்படி வடிவமைத்திருந்தோம்! எங்கள் திட்டத்தை விளக்கியதும் அவர் கேட்டது இதுதான்: "தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா வேண்டாமா, அத சொல்லுமா?"

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே பாதியை மாற்றினோம். மாடலைச் சுருக்கி, இணையம் இல்லாமல் போனிலேயே ஓடும்படி செய்தோம். திரையில் இருந்த ஐந்து வகை நோய்ப் பெயர்களை எடுத்துவிட்டு இரண்டே செய்தி வைத்தோம். "சிக்னல் சரியில்லை, கையைத் தளர்த்தி மீண்டும் எடுக்கவும்." "துடிப்பு ஒழுங்கில் மாற்றம் தெரிகிறது, மருத்துவரிடம் காட்டவும்." ஒன்றும் பிடிபடாவிட்டால் கோட்டை மட்டும் காட்டும். "நலம்" என்ற வார்த்தை எங்கும் வராது.

அதற்குக் காரணம் இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தலைப்பை எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் அந்த மாட்யூல் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும். ஈசிஜி கோட்டில் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி என்ற பகுதியைச் சரியாகப் படிக்க 0.05 ஹெர்ட்ஸ் வரை கீழே போக வேண்டும். போதாததற்கு நம்மிடம் இருப்பது ஒரே ஒரு லீடு, அதாவது ஒரே ஒரு கோணம். இதயத்தை 12 கோணத்தில் பார்க்கிற கருவியிலேயே மாரடைப்பின் தொடக்கத்தில் கோடு இயல்பாக வருவதுண்டு. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. அப்படி வரும் ஒருவரிடம் மாணவர் செய்த பெட்டி "ஒன்றுமில்லை" என்று சொல்லி, அவர் வீட்டுக்கு நடந்து போய்விட்டால்?

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மாடலைப் பற்றிக் கேட்டது இரண்டு நிமிடம்தான். பிறகு எலக்ட்ரோடைக் கையில் எடுத்துப் பார்த்தபடி, "எனக்கு இப்போ நெஞ்சு வலிக்குதுன்னு வச்சுக்கங்க. இது என்ன சொல்லும்?" என்றார்.

"வலி இருந்தா இதை மாட்டவே வேண்டாம் சார், 108-க்கு போன் பண்ணுங்கன்னு முதல் திரையிலேயே போட்டிருக்கோம்" என்றாள் எங்கள் குழுவில் இருந்த பெண். அவர் போனை வாங்கி, அந்தத் திரையைத் திறந்து படித்துவிட்டு, ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.