கூரை யார் தலைக்கு மேல்: சென்னை நேரு உள்விளையாட்டரங்கமும் நம் ஊர்க் கலையரங்கங்களும்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்கள் பலவற்றில், கோயில் திடலை ஒட்டியோ பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்திலோ ஒரு கலையரங்கம் நிற்கும். மூன்று பக்கம் சுவர், மேலே காங்கிரீட் தளம், நெற்றியில் எந்த நிதியிலிருந்து எந்த ஆண்டு கட்டப்பட்டது என்னும் எழுத்து, எதிரே திறந்த மணல்வெளி. ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் கூரை உண்டு, பார்க்கிறவர்களுக்கு வானம்தான். நம் பக்கத்துக் கேளிக்கையின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கட்டட அமைப்பு தீர்மானித்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். சென்னைப் பெரியமேட்டில் இருக்கும் ஜவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கத்தின் கதையை நம் ஊர் மேடைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

அந்த அரங்கம் நிற்கும் வட்டாரம் நகரத்தாரின் பொழுதுபோக்குக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரிய பூங்கா. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அருகிலேயே விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டிப் பெயர் பெற்ற விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அதன் மேடையில் நடந்தன. சலனப் படம் சென்னைக்கு வந்த புதிதில் அதைக் காட்டிய இடங்களில் அந்த மண்டபமும் ஒன்று. பின்னர் பூங்காவின் ஒரு பகுதி மாநகராட்சி விளையாட்டரங்கமாயிற்று. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது அங்கேதான். 2008 வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 1990களில் பழைய அரங்கம் இடிக்கப்பட்டு நேரு விளையாட்டரங்கம் கட்டப்பட்டது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி, அதன் பக்கத்திலேயே ஏறத்தாழ 8,000 பேர் அமரக்கூடிய உள்விளையாட்டரங்கமும் வந்தது.

அது கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் மேசைப் பந்துக்குமாகக் கட்டப்பட்டது. இசைக்காகவோ திரைப்பட விழாக்களுக்காகவோ அல்ல. ஆனாலும் பந்து விளையாடுவதற்குத் தேவையான உயரமும், நடுவில் தூணில்லாத அகலமும், நாலாபுறமும் படிப்படியாக ஏறும் இருக்கைகளும் கூட்டம் கூட்டிப் பாட்டுக் கேட்பதற்கும் பொருந்திவிட்டன. 2005 அக்டோபர் 16 அன்று இளையராஜா பல்லாண்டு இடைவெளிக்குப் பிறகு சென்னையில் மேடையேறி ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது இந்த அரங்கில். 2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சானும், 2014 செப்டம்பரில் 'ஐ' பாடல் வெளியீட்டுக்கு அர்னால்ட் சுவார்ஸ்நேகரும் வந்து நின்றதும் இதே கூரையின் கீழ்தான். 2022 ஜூலை 28 அன்று 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழா இங்கே நடந்தது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தில் நடந்தாலும், உலகம் பார்க்க வேண்டிய கலை நிகழ்ச்சிகளுக்கு இந்த மேடையையே தேர்ந்தெடுத்தார்கள்.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2011 டிசம்பர் 28 அன்று நடந்த இளையராஜாவின் இன்னொரு நிகழ்ச்சி. அன்று வங்கக் கடலில் 'தானே' என்னும் பெயருடைய புயல் திரண்டு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் சாய்த்துப் போட்டது. புயல் கடலில் நிற்கும்போது ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி, வாத்தியக் கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் நனையாமல் வைத்து, ஓர் இரவு முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்பதை, மார்கழியில் வாடைக் காற்றடித்தால் மைக் செட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடும் நம் ஊர்க்காரரால் எளிதில் நினைத்துப் பார்க்க முடியாது. சென்னையிலேயே 2023 ஆகஸ்ட் 12 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்த வெளியில் நடக்கவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் நிகழ்ச்சி மழையால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும், எவ்வளவு செலவு செய்திருந்தாலும், திறந்த வெளியில் மழை சொல்வதுதான் முடிவு.

நம் கடற்கரையில் அந்த முடிவை மழை எப்போதோ எழுதி வைத்துவிட்டது. இந்த மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. எனவே இரவுக் கேளிக்கைகள் எல்லாம் தைக்குப் பின் தொடங்கி, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில் நெருக்கியடித்து நடந்து, ஆடிக் காற்றோடு ஓய்ந்துவிடுகின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகங்களை நடிக்கும் கலைஞர்களின் பிழைப்பு இந்தச் சில மாதங்களுக்குள் அடங்கியிருக்கிறது. வள்ளி திருமணம் போடாத திருவிழா நம் பக்கத்தில் அரிது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஆர்மோனியக்காரரும் பங்குனியில் ஒரு நாளும் ஓய்வில்லாமல் ஊர் ஊராக ஓடுவார்கள். கார்த்திகையில் அவர்களைக் கூப்பிடுவதற்கு ஆளிருக்காது. என் தாய்வழி உறவில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர், மழைக்காலம் முழுதும் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு வலை பின்னுவதற்குப் போவார். கலை அவருக்கு அரை ஆண்டுத் தொழிலாக இருந்ததற்கு அவருடைய திறமை காரணமல்ல. பார்க்கிறவர் தலைக்கு மேல் கூரை இல்லாததுதான் காரணம்.

இன்னொரு முடிச்சும் இதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் ஊரில் இருப்பார்கள். திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் ஆள் சேரும். ஆனால் கையில் காசு புழங்காத காலமும் அதுவே. காசு புழங்கும் மாதங்களிலோ வானமும் காற்றும் இடம் தருவதில்லை.

கூரையிட்ட கேளிக்கை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. சேதுபதிகள் காலத்தில் இராமநாதபுரம் சமஸ்தானத்தில் பூச்சி சீனிவாச ஐயங்கார் போன்ற மேதைகள் பாடினார்கள். அந்த அரசவைக் கூரையின் கீழ் அமரும் உரிமை சிலருக்கே இருந்தது. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றதில் தொடங்கிய மரபு, பிற்காலத்தில் டூரிங் டாக்கீஸ் என்னும் தற்காலிகப் படக்கொட்டகையாக நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. பார்வையாளர் தலைக்கு மேல், எல்லாச் சாதியாருக்கும் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக, நம் கடற்கரையில் எழுந்த முதல் கூரை அந்தக் கீற்றுக் கொட்டகை என்றே சொல்லலாம். மணல் தரையில் அமர்ந்து, முன்னால் மணலைக் குவித்து உயரமாக்கிக்கொண்டு படம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கொட்டகைகள் தற்காலிக உரிமத்தில் நடந்தன. கீற்று மாற்ற வேண்டும், தீக்குப் பயப்பட வேண்டும், பெருங்காற்றுக்கும் பயப்பட வேண்டும். அவை மறைந்த பிறகு, மக்கள் கூடும் கூரை என்று நமக்கு எஞ்சியது திருமண மண்டபங்கள்தாம். பட்டிமன்றமும் பரதநாட்டிய அரங்கேற்றமும் பள்ளி ஆண்டு விழாவும் அவற்றில்தான் நடக்கின்றன. தாழ்ந்த கூரையும் நடுவில் தூண்களும் இருப்பதால் பின்வரிசைக்காரர் மேடையைப் பாதிதான் பார்க்கிறார்.

விளையாட்டுக்கு வருகிறேன், நேரு உள்ளரங்கின் அருமையை நான் நேரில் உணர்ந்தது கபடியில்தான். 2017இல் புரோ கபடியின் ஐந்தாம் பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணி முதன்முதலாகக் களமிறங்கியபோது அந்த அரங்கம் அதன் சொந்தக் களமாயிற்று. அவ்வாண்டின் இறுதிப் போட்டியும் அக்டோபர் 28 அன்று அங்கேதான் நடந்தது. பாட்னா அணி குஜராத்தை 55-38 என்று வென்றது. நாட்காட்டியைப் பாருங்கள்: ஐப்பசி. நம் ஊரில் கபடிக் களம் சேறாகக் கிடக்கும் மாதம்.

நம் கடற்கரைக் கபடி, திருவிழாவை ஒட்டி இரவில் கம்பம் நட்டு, விளக்குக் கட்டி, மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய களத்தில் நடக்கும். சுழற்கோப்பைக்கும் ரொக்கப் பரிசுக்கும் ஊர்ப் பெருமைக்குமாக விடிய விடிய ஆடுவார்கள். பாடிப் போகிறவன் கால் விரலால் மண்ணைப் பற்றித் திரும்பும் விதமே தனி. ஆனால் இன்று பெரிய போட்டிகள் எல்லாம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள 'மேட்' என்னும் செயற்கை விரிப்பில், காலணி அணிந்து ஆடப்படுகின்றன. அந்த விரிப்பைத் திறந்த வெளியில் போட்டால் தை, மாசிப் பனியிலேயே அது வழுக்கத் தொடங்கிவிடும். மழை பெய்தால் சுருட்டி எடுத்துவிட வேண்டியதுதான். எங்கள் பக்கத்துப் பையன்கள் வெறுங்காலோடு மண்ணில் கற்ற வேகத்தை விரிப்பில் காட்டத் திணறுவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கால்களில் குறை ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் பழகுவதற்கு ஓர் உள்ளரங்கம் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நேரு அரங்கத்தைப் பற்றி நான் புகழ்ச்சி மட்டுமே சொல்லவில்லை. விளையாட்டுக்குக் கட்டிய கூடத்தில் பாட்டு வைத்தால் ஒலி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும். வயலின் கூட்டத்தின் மெல்லிய இழைகள் மேல் வரிசைக்கு வரும்போது கலங்கிப்போகும். மேடையை ஒரு முனையில் அமைப்பதால் அதன் பின்னால் உள்ள இருக்கைகள் பயன்படாமல் போகின்றன. திரைப்பட விழாக்களில் இப்போது பாட்டைவிடப் பேச்சுக்கே நேரம் போகிறது; இசைக் குழு அமர்ந்திருக்க, ஒருவர் பின் ஒருவராக நாயகனைப் பாராட்டி முடிக்க நள்ளிரவாகிவிடுகிறது. அந்த நல்ல மேடைக்கு அது குறைவு என்று நான் கருதுகிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு வாசல். கூரை வந்தால் சுவர் வரும், சுவர் வந்தால் வாசல் வரும், வாசல் வந்தால் சீட்டு வரும். நம் கலையரங்கத்தின் முன்னால் சீட்டுக் கிடையாது. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போட்டு ஊர் நாடகம் வைக்கிறது. வரி கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்தவரும் ஒரே மணலில் பாய் விரித்து அமர்கிறார்கள். கிழவிகள் வெற்றிலை இடித்துக்கொண்டு வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்கிறார்கள். பெரியமேட்டில் முன்வரிசைச் சீட்டின் விலையைக் கேட்டால் ஒரு நாட்டுப் படகுக்காரர் மலைத்துப் போவார். ஆகவே, நமக்கும் ஓர் உள்ளரங்கம் வேண்டும் என்று நான் கேட்கும்போது, அந்த வாசலையும் சேர்த்துக் கேட்கவில்லை. மழைக்கால மாதங்களில் ஊர்ப் பொது நிகழ்ச்சிகளுக்கென்று சில இரவுகள் சீட்டில்லாமல் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

8,000 இருக்கைகள் நமக்கு வேண்டியதில்லை. இரண்டாயிரம் பேர் அமரும் தூணில்லாத கூடம் ஒன்று இராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தின் அருகிலோ, உச்சிப்புளிக்கும் மண்டபம் ஊருக்கும் இடையிலோ அமைந்தால், பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பேருந்திலேயே வந்து திரும்பலாம். பகலில் கபடியும் கைப்பந்தும், இரவில் நாடகமும் கச்சேரியும் நடக்கலாம். சென்னையில் குறையாகத் தெரிவதை இங்கே தொடக்கத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்: சுவர்களில் எதிரொலியை உறிஞ்சும் பலகைகள், மேடைக்குப் பின்னால் மடக்கி வைக்கக்கூடிய இருக்கைகள், ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் தொங்கவிடத் தாங்கும் உத்தரங்கள்.

கடற்கரை என்பதால் இரண்டு செய்திகளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. உப்புக் காற்று இரும்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். கூரைச் சட்டங்கள் துத்தநாகம் பூசியவையாக இருக்க வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் கடல் கொண்டுபோன கரை இது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கட்டப்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களைப் போல இந்தக் கூடமும் புயல் நாளில் அடைக்கலமாகும்படி, தரைமட்டத்தை உயர்த்தி, கழிப்பறையும் குடிநீரும் மின்னாக்கியும் சமையற்கூடமும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அப்படித் திட்டமிட்டால் விளையாட்டு, கலை, பேரிடர் மேலாண்மை என்ற மூன்று தலைப்பிலிருந்தும் நிதி கோர முடியும். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க எங்கள் ஊரில் சிலர் கையெழுத்துத் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். மற்ற கடலோர ஊராட்சிகளில் இருப்பவர்களும் அதே நாளில் தத்தம் சபைகளில் முன்வைத்தால் மாவட்ட நிர்வாகத்துக்குக் கோரிக்கையின் அளவு புரியும்.