பருத்தியும் பருத்திப்பாலும்: வீடியோவுக்குப் பெயர் ஒட்டும் வேலை

பருத்திப்பால் காய்ச்சும் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிவது, அரிசி மாவு கரைத்து ஊற்றுவது, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்த் துருவல் என்று எல்லாம் பிசகில்லாமல் எடுத்திருக்கிறார்கள். கீழே ஹேஷ்டேக்: '#பருத்தி பால்'. அந்த ஒரு இடைவெளியில்தான் கோளாறு. ஹேஷ்டேக் என்பது இடைவெளி வந்த இடத்தில் முடிந்துவிடும். ஆகவே இணைப்பாக மாறியது '#பருத்தி' மட்டும். 'பால்' சும்மா ஒட்டாமல் நிற்கிறது. அந்த இணைப்பைத் தொட்டால் வருவது காய்ப்புழுவும் உர அளவும் மகசூல் கணக்கும். அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு இந்த வீடியோ வேண்டாம், இதைத் தேடுகிறவர்கள் அந்த வரிசைக்கு வரப்போவதில்லை. '#பருத்திப்பால்' என்று சேர்த்து அடித்திருந்தால் போதும்.

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் சமையல், கைத்தொழில், திருவிழா, விவசாயம் என்று சேனல் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. பெயர் ஒட்டும் இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் அதை மட்டும் பார்ப்போம்.

முதலில் டேக் பெட்டியைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை. டேக் என்பது # இல்லாமல் தனிப் பெட்டியில் போடுகிற தேடல் சொல், ஹேஷ்டேக் வேறு. யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோவைத் திறந்து, விவரங்கள் பக்கத்தில் கீழே போய் 'மேலும் காட்டு' என்பதைத் தொட்டால் டேக் பெட்டி வரும். மொத்தம் 500 எழுத்துக்குறி இடம். அதை நிரப்பிவிட்டால் வீடியோ ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். வீடியோ கண்டுபிடிக்கப்படுவதில் டேக்குக்கு மிகச் சிறிய பங்குதான் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. டைட்டில், தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்), டிஸ்க்ரிப்ஷன் (கீழே எழுதுகிற விவரம்) மூன்றும்தான் முக்கியம். சொல்லை மக்கள் அடிக்கடி தப்பாக அடிப்பார்கள் என்றால் அங்கே டேக் உதவும். இந்த ஒரு வேலைக்குத் தமிழில் அது எவ்வளவு பயன்படும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கேட்டகரி இன்னும் சின்ன விஷயம். மொத்தம் 15 இருக்கின்றன. எதையும் தொடாமல் விட்டால் வழக்கமாக 'பீப்பிள் அண்ட் பிளாக்ஸ்' என்றே நிற்கும். சாப்பாட்டுக்கென்று தனிக் கேட்டகரி கிடையாது. செய்முறை என்றால் 'ஹவ்டு அண்ட் ஸ்டைல்', கடை கடையாகப் போய்ச் சாப்பிடுவது என்றால் 'டிராவல் அண்ட் ஈவென்ட்ஸ்'. பொருத்தமானதை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

டைட்டிலுக்கும் டிஸ்க்ரிப்ஷனுக்கும் சொல் எங்கிருந்து எடுப்பது? பள்ளிக்கூடத்தில் படித்த அறுவகைப் பெயர்தான் இதற்கு நல்ல சல்லடை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். சுங்குடிச் சேலை வீடியோவை அதில் போட்டுச் சலித்துப் பாருங்கள். பொருள்: சுங்குடி சேலை. இடம்: மதுரை. காலம்: கோடை, சித்திரைத் திருவிழா. சினை: முந்தானை, கரை, புள்ளி. குணம்: பருத்தி, மெல்லிசு, கை முடிச்சு. தொழில்: முடிச்சுப் போடுவது, சாயம் முக்குவது, முடிச்சை அவிழ்ப்பது. இரண்டு நிமிடத்தில் பதினைந்து சொல் கையில் வந்துவிடும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட நூற்பகுப்பு முறையும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. ஒரு பொருளை ஒரே அடுக்கில் தள்ளாமல் அது என்ன, எதனால் ஆனது, என்ன செய்யப்படுகிறது, எங்கே, எப்போது என்று ஐந்து பக்கத்திலிருந்து பார்ப்பது. வீடியோவுக்கும் அதுதான் சரி. ஒரே வீடியோவைச் சேலை வாங்குகிறவரும் தேடலாம், சாயத் தொழில் படிக்கிற மாணவியும் தேடலாம்.

பதினைந்தையும் டைட்டிலில் திணிக்கக் கூடாது. பொருளும் தொழிலும் டைட்டிலுக்கு, முதல் நான்கைந்து சொல்லுக்குள். ஃபோன் திரையில் நீளமான டைட்டிலின் வால் வெட்டுப்படும். இடமும் குணமும் டிஸ்க்ரிப்ஷனின் முதல் இரண்டு வரிக்கு. சினையும் மற்ற தொழில் சொற்களும் சாப்டர் தலைப்புகளுக்கு. டிஸ்க்ரிப்ஷனில் நேரக் குறி போட்டு வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதுதான் சாப்டர். சாப்டர் வேலை செய்ய மூன்று நிபந்தனை: முதல் நேரக் குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறி ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. நிறையப் பேர் 00:15 என்று ஆரம்பித்துவிட்டு, சாப்டர் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

குணம் என்கிற அந்த ஒரு சொல்லில் நேர்மை வேண்டும். மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. சௌராஷ்டிரக் குடும்பங்களில் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிப் போடுகிற முடிச்சுதான் அதன் உயிர். அச்சில் புள்ளி குத்திய சேலைக்குக் 'கை முடிச்சு' என்று பெயர் ஒட்டினால் அது முடிச்சுப் போடுகிற பெண்களின் வயிற்றில் அடிப்பது. 'பிரிண்ட் சுங்குடி' என்று போடுங்கள். விலை பார்த்து அதையே தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்கள். இடம் கொஞ்சம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எழுத்துக் கணக்கு. டைட்டிலுக்கு 100 எழுத்துக்குறி வரம்பு. நாம் 'து' என்பதை ஓர் எழுத்து என்போம். கணினிக்கு அது 'த' ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளியும் தனிக் கணக்கு. 'மதுரை சுங்குடி சேலை' நம் கணக்கில் 9 எழுத்து, இரண்டு இடைவெளி. கணினிக் கணக்கில் 19. ஆக, 100 என்றால் நம் கையில் இருப்பது ஏறக்குறைய 50, 60 எழுத்துதான். டேக் பெட்டியின் 500க்கும் இதே கதி.

இரண்டு, வேற்றுமை உருபு. '#மதுரையில்', '#மதுரைக்கு', '#மதுரை' மூன்றும் இயந்திரத்துக்கு மூன்று தனித்தனிக் குப்பி. வாக்கியத்தின் நடுவே சொல்லுக்கு முன்னால் # போட்டுவிடுகிற பழக்கத்தால் இப்படி ஆகிறது. ஹேஷ்டேக்கில் பெயர்ச்சொல் மொட்டையாக இருக்க வேண்டும், உருபு கூடாது.

மூன்று, ஒற்று. பருத்திப்பால், பருத்தி பால், பருத்திபால். இலக்கணப்படி ஒன்றுதான் சரி, ஆனால் ஃபோனில் தேடுகிறவர் ஒற்றுப் போட்டு அடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அலங்காநல்லூரை 'அலங்கநல்லூர்' என்று அடிப்பவர்களும் உண்டு. இங்கேதான் டேக் பெட்டி தன் கூலிக்கு வேலை செய்கிறது: டைட்டிலில் சரியான வடிவம், டேக்கில் தப்பான வடிவங்கள் எல்லாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கும் அங்கேயே இடம் கொடுங்கள். கள்ளழகரின் 'ழ'வுக்குச் சிலர் 'எல்' போடுவார்கள், சிலர் 'இசட் ஹெச்' போடுவார்கள். மீனாட்சியின் 'மீ'க்கு ஒருவர் இரண்டு 'ஈ', இன்னொருவர் ஒரே ஒரு 'ஐ'. ஒரு பெயருக்கு மூன்று நான்கு வடிவம் போதும். தேடல் அதிகம் வரும் என்று பிழையான வடிவத்தை டைட்டிலுக்கே கொண்டுபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எழுத்தைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

நான்கு, கண்ணுக்குத் தெரியாத பிழை. 'சௌராஷ்டிரா' என்பதில் வருகிற 'ௌ' ஒரே குறி. விசைப்பலகையில் அது சட்டென்று அகப்படாததால் ஒற்றைக்கொம்பு 'செ' போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தை அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இயந்திரம் அதை 'செள' என்று வேறு சொல்லாகப் படிக்கும். காலுக்குப் பதில் 'ர' அடிப்பதும் இதே ரகம். சோதிப்பது சுலபம்: சொல்லின் கடைசியில் நின்று அழிக்கும் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். 'ௌ' என்றால் குறி மட்டும் போய் 'ச' மிஞ்ச வேண்டும். 'செ' என்று மிஞ்சினால் தப்பாக அடித்திருக்கிறீர்கள். அச்சகங்களில் இருந்து பழைய எழுத்துருவில் வரும் வாசகத்தை அப்படியே ஒட்டினாலும் இதே தொல்லைதான், அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

ஹேஷ்டேக் எத்தனை போடலாம்? யூடியூபில் 60ஐத் தாண்டினால் அந்த வீடியோவின் ஹேஷ்டேக் எதையுமே கணக்கில் எடுக்காது. மூன்று போதும் என்பது என் அபிப்பிராயம்: பொருளுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. சம்பந்தமில்லாத நடிகர் பெயரையும் அன்றைய பரபரப்பையும் சேர்ப்பது விதிமீறல். எச்சரிக்கை வரும், பிறகு ஸ்ட்ரைக், அதாவது சேனல்மேல் விழும் தண்டனைக் குறி வரும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது டேக்கே அல்ல, வீடியோ ஏற்றும்போது யூடியூப் கேட்கும் 'குழந்தைகளுக்கானதா' என்கிற கேள்வி. விளாச்சேரியில் களிமண் கொலு பொம்மை செய்கிறார்கள். வீடியோவில் பொம்மை வருகிறது என்பதற்காக 'ஆம், குழந்தைகளுக்கானது' என்று தட்டிவிட்டால் கமென்ட் பகுதி மூடிக்கொள்ளும், பெல் அறிவிப்பு போகாது, உங்கள் அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனும் வராது, பார்ப்பவருக்கேற்ற விளம்பரமும் நின்றுவிடும். செட்டு என்ன விலை, பார்சலில் உடையாமல் வருமா என்று கேட்க வந்தவர் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போவார். கேள்வி, வீடியோ யாரைப் பார்க்கவைக்க எடுக்கப்பட்டது என்பதுதான். மண் மிதிப்பது, அச்சில் அடிப்பது, சூளையில் சுடுவது, வண்ணம் பூசுவது எல்லாம் பெரியவர்களுக்கு எடுத்த தொழில் வீடியோ. 'இல்லை' என்பதே சரியான விடை. உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளுக்காகப் பொம்மையை வைத்துக் கதை சொன்னால் அப்போது 'ஆம்' போடத்தான் வேண்டும். அது சட்டம் சார்ந்த விஷயம்.

இன்ஸ்டாகிராமில் பலரும் வீணாக்குவது ப்ரொஃபைலின் பெயர்க் கட்டத்தை. தேடலில் அது அகப்படும். கடைப் பெயரை மட்டும் அங்கே போடாமல் 'சுங்குடி சேலை மதுரை' என்று பொருளையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். யோசித்துப் போடுங்கள், 14 நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். ரீல்ஸில் இடம் குறிக்கும்போது ஒரு கவனம்: கீழடி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்களில் பலர் மதுரையில் இறங்கித்தான் வருகிறார்கள். இடக் குறியில் கீழடியை வையுங்கள். கேப்ஷனில் 'மதுரையிலிருந்து எப்படிப் போவது' என்று எழுதுங்கள். இரண்டு தேடலும் ஒரே ரீல்ஸுக்கு வரும்.

திருவிழா வீடியோக்களுக்கு ஆண்டு எண் உயிர். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று பொங்கல் நாட்களில் அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கும்போது ஊர்ப் பெயரும் ஆண்டும் டைட்டிலின் முதலில் நிற்க வேண்டும். 'ஜல்லிக்கட்டு' என்று மட்டும் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். கறி தோசைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் ஆண்டு தேவையில்லை, போட்டால் மறு வருஷமே பழசாகத் தெரியும்.

ஒட்டிய பெயர் வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிட்டிக்ஸ், அதில் 'ரீச்', அதில் 'யூடியூப் சர்ச்'. என்னென்ன சொல் அடித்து வந்தார்கள் என்று பட்டியல் இருக்கும். ஜிகர்தண்டா வீடியோவுக்கு 'பாதாம் பிசின் ஊறவைப்பது எப்படி' என்று தேடி வந்திருந்தால், அந்தச் சொல் டிஸ்க்ரிப்ஷனில் மூன்றாவது பத்தியில் ஒளிந்திருக்கக் கூடாது. முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள், அதற்கென்று ஒரு சாப்டரும் வையுங்கள். கிளிக் விகிதத்தையும், அதாவது திரையில் காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் தொட்டுத் திறக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பாதிச் சேனல்களுக்கு அது 2லிருந்து 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூப் சொல்கிறது. திரையில் நிறையத் தடவை காட்டப்பட்டும் 2க்குக் கீழே கிடந்தால், டைட்டிலும் தம்ப்நெயிலும் ஒன்றைச் சொல்ல, வந்து சேர்ந்த கூட்டம் வேறாக இருக்கலாம். கிளிக் வந்தும் அரை நிமிடத்தில் ஓடிவிடுகிறார்கள் என்றால் பெயர் சொன்ன பொருள் வீடியோவின் ஆரம்பத்தில் இல்லை. 2012இலேயே யூடியூப் வெறும் வியூஸ் கணக்கைவிட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறிவிட்டது, அதனால் இந்த இரண்டாவது கோளாறுதான் அதிகம் வலிக்கும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டைட்டிலை மாற்றினால் தம்ப்நெயிலைத் தொடாமல் இரண்டு வாரம் விடுங்கள். இல்லாவிட்டால் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று பிரிக்க முடியாது. அதற்கு முன் செட்டிங்ஸில் 'அப்லோட் டீஃபால்ட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். சேனல் ஆரம்பித்த அன்று யாரோ போட்டுவைத்த இருபது டேக் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜிகர்தண்டா முதல் பொம்மை வரை எல்லா வீடியோவிலும் அதுவே போய் ஒட்டிக்கொண்டிருக்கும். சேனல் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள்.