ரெட் ஹாட் 9இல் சிடி ரைட்டரை வேலை செய்ய வைத்தது

தாத்தாவின் நோட்டுப் புத்தகங்களை இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், கூடவே ஸ்கேன் செய்த பக்கங்களும் உண்டு. எல்லாமே ஒரே ஒரு 40 ஜிபி ஹார்ட் டிஸ்கில். போன மாதம் அது டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துபோய், அன்றைக்கே ஒரு 52எக்ஸ் சிடி ரைட்டர் வாங்கி வந்தேன். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் விண்டோஸ் பற்றி மட்டும்தான் இருந்தது, என் கணினியில் ஓடும் லினக்ஸ் (2003இல் வந்த ரெட் ஹாட் 9) பற்றி ஒரு வரி கூட இல்லை.

மாட்டுவது எளிது. பழைய சிடி டிரைவ் இரண்டாவது ஐடிஇ கேபிளில் (டிரைவ்களை மதர்போர்டோடு இணைப்பது) மாஸ்டராக, அதாவது முதல் டிரைவாக இருந்ததால், புதியதன் ஜம்பரை (டிரைவின் பின்புறம் இருக்கும் சின்னச் செருகி) ஸ்லேவில், அதாவது இரண்டாவது டிரைவுக்கான இடத்தில் வைத்து அதே கேபிளில் இணைத்தேன். லினக்ஸ் அதற்கு எச்டிடி என்று பெயர் கொடுத்தது, உள்ளே ஒரு சிடியைப் போட்டால் ஒழுங்காகப் படித்தது. சரி, எழுதவும் செய்யும் என்று நினைத்து சிடி எழுதும் மென்பொருளான எக்ஸ்-சிடி-ரோஸ்டைத் திறந்தால், எழுதுகிற டிரைவ் எதுவுமே இல்லை என்றது. அது வெறும் முகப்புதான், உள்ளே எழுதுகிற வேலையைச் செய்வது சிடிரெக்கார்ட் என்ற கட்டளை. அதனால் டெர்மினலில் சிடிரெக்கார்டையே, டிரைவ்களைத் தேடும் ஸ்கேன்பஸ் விருப்பத்தைக் கொடுத்து ஓட்டினேன். ஸ்கசி (ஐடிஇ போல டிரைவ்களை இணைக்கும் இன்னொரு முறை) டிரைவரைத் திறக்க முடியவில்லை என்று வந்தது, அதற்கு முந்தைய வரியில் பிஜி என்ற ஏதோ சாதனத்தைக் காணோம் என்றும் இருந்தது. அந்த பிஜியைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. அது பேரலல் போர்ட்டில் மாட்டுகிற டிரைவ்களுக்கானது, நமக்கு அதில் வேலையே இல்லை, நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உண்மையான காரணம் வேறு. சிடிரெக்கார்ட் ஸ்கசி கட்டளைகளில்தான் டிரைவோடு பேசும். வீட்டு ரைட்டர்கள் ஐடிஇ கேபிளில் இருந்தாலும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளக் கூடியவைதான், ஆனால் ரெட் ஹாட் 9இல் இருக்கும் 2.4 கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அவற்றைச் சாதாரண ஐடிஇ சிடி டிரைவாகத் தன் பிடியில் வைத்துக்கொள்வதால் சிடிரெக்கார்டுக்கு வழி கிடைப்பதில்லை. நடுவில் ஐடிஇ-ஸ்கசி என்ற மாட்யூலை (கர்னலோடு சேரும் ஒரு துண்டு) உட்கார வைத்தால் அதே டிரைவ் ஸ்கசி டிரைவ் மாதிரி தெரியும். ரெட் ஹாட்டை நிறுவும்போதே ரைட்டர் இருந்திருந்தால் நிறுவியே இதைச் செய்து கொடுத்திருக்கும், நான் பிறகு மாட்டியதால் கையால் செய்ய வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியது ஒரே ஒரு திருத்தம். ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, லினக்ஸை பூட் செய்யும் நிரலான கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து, கர்னல் என்று தொடங்கும் வரியின் கடைசியில் எச்டிடி, சமக்குறி, ஐடிஇ-ஸ்கசி என்று இடைவெளி விடாமல் சேர்த்தேன் (உங்கள் ரைட்டர் மாஸ்டராக இருந்தால் எச்டிசி என்று வரும்). கிரப்புக்குப் பதில் லைலோ வைத்திருப்பவர்கள் அதன் கோப்பைத் திருத்திய பிறகு லைலோ கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் ஏறாது. மறுபடி பூட் செய்து ஸ்கேன்பஸ் ஓட்டினேன், 0,0,0 என்ற எண்ணுக்கு எதிரில் என் ரைட்டரின் பெயர் வந்தது. அவ்வளவு சந்தோஷம்! அப்புறம் ஒன்று, இனி இந்த டிரைவை எச்டிடி என்ற பெயரில் மவுன்ட் செய்ய முடியாது, எஸ்சிடி0 என்றுதான் கொடுக்க வேண்டும்.

எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் கட்டளையை வைத்து முதலில் சிடியில் போக வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, அதாவது ஒரு இமேஜாகச் செய்துகொண்டேன். இதில் ராக் ரிட்ஜ், ஜோலியட் விருப்பங்கள் இரண்டையும் கட்டாயம் சேருங்கள். நான் முதலில் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு சோதனை இமேஜ் செய்து பார்த்தபோது நீளமான கோப்புப் பெயர்கள் எல்லாம் எட்டு எழுத்தில் வெட்டுப்பட்டிருந்தன, எது எந்த நோட்டு என்றே தெரியவில்லை. ராக் ரிட்ஜ் லினக்ஸுக்கு, ஜோலியட் விண்டோஸில் திறப்பவர்களுக்கு. எழுதுவதற்கு முன்னால் டம்மி என்ற விருப்பத்தைக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், லேசர் எரியாமல் மற்ற எல்லாம் நடக்கும், சிடி வீணாகாது. பிறகு 16எக்ஸ் வேகத்தில் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது.

எழுதி முடித்ததோடு விட்டுவிடாமல் சரிபார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் அந்த நோட்டுகளில் பாதி கரையான் அரித்தவை, இன்னொரு முறை பார்த்து அடிக்க முடியாது. முழு சிடியையும் டிடி கட்டளையால் படித்தபோது கடைசியில் படிப்புப் பிழை வந்தது. சிடி கெட்டுவிட்டதோ என்று பதறினேன். கெடவில்லை. முதல் பிரதியை எழுதிய டிராக்-அட்-ஒன்ஸ் (ஒவ்வொரு டிராக்காக எழுதும்) முறையில் டிராக்கின் முடிவில் தரவே இல்லாத இரண்டு செக்டர்கள் (2048 பைட் துண்டுகள்) சேர்கின்றன, கர்னல் அவற்றையும் படிக்கப் போய்த் தடுக்கி விழுகிறது. அந்த சிடியை மவுன்ட் செய்து மூலக் கோப்புகளோடு டிஃப் வைத்து ஒப்பிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாவது பிரதியை, அந்த இரண்டு செக்டர்கள் சேராத டிஸ்க்-அட்-ஒன்ஸ் (முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும்) முறையில் எழுதினேன். இமேஜ் 63,57,54,496 பைட், அதை 2048ஆல் வகுத்தால் 3,10,427 செக்டர், டிடியிடம் அந்த எண்ணிக்கை மட்டும் படிக்கச் சொன்னதும் அதன் எம்டி5 சரிபார்ப்பு எண் இமேஜின் எண்ணோடு அச்சாகப் பொருந்தியது.

ஒரு பிரதி என்னிடம், இன்னொன்று ஊரில் அத்தை வீட்டில். டிசம்பர் 2003இல் வந்த 2.6 கர்னலில் ஐடிஇ-ஸ்கசி தேவையில்லை, சிடிரெக்கார்டுக்கு நேரடியாகச் சாதனத்தின் பெயரையே கொடுக்கலாம், ஆகவே 2.6க்கு மாறுகிறவர்கள் பூட் வரியில் சேர்த்ததை முதலில் நீக்கிவிடுங்கள்.