சீப்பா, பிரஷ்ஷா?

நீளக் கூந்தலுக்கு எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு சீப்புக்குத்தான். அதுவும் அகலப் பல் சீப்பு.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அப்படியென்றால் இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும்! கூரை ஓடு மாதிரி அடுக்கியிருக்கும் மேல் செதில்கள் அத்தனை வருட வெயிலிலும் உரசலிலும் தேய்ந்துபோன இடம் அது. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் கீழே இறங்கி இறுகி, முடி அங்கேதான் அறும். நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். அவசரக்காரர்களுக்குக் கஷ்டம்தான்.

ஈரத்தலையில் பிரஷ் வேண்டவே வேண்டாம். நனைந்த முடி அதிகம் நீளும், பலமும் குறையும். சுருட்டை முடிக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. கண்டிஷனர் போட்ட ஈரத்திலேயே சிக்கெடுப்பதுதான் அவர்களுக்குச் சௌகரியம்.

பிரஷ்ஷுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சிக்கெடுத்த, காய்ந்த தலையில் பன்றிமுடி பிரஷ்ஷால் வாரினால் உச்சந்தலை எண்ணெய்ப்பசை நுனிவரை போகும், பளபளப்பு வரும். அதற்காகத் தினமும் நூறு தடவை வாருவதெல்லாம் வீண் வேலை. உரசல்தான் மிச்சம்.

சீப்பில் முடியைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஒரு முனையில் குட்டி வெள்ளைக் குமிழ் இருந்தால் அது நடுவில் அறுந்ததல்ல, முழுதாக உதிர்ந்தது. குமிழ் இல்லாத துண்டு முடியாகவே வருகிறதா? வாருகிற விதத்தை மாற்றுங்கள்.