கப்பலை எது நகர்த்தியது?

பிரெஞ்சில் எழுதப்பட்ட கடல் விபத்து அறிக்கைகளை ஆங்கிலத்தில் தருவது பல வருஷமாக என் வேலை. விபத்து பிரெஞ்சுக் கரையில் நடக்கும். காப்பீட்டுக்காரர் லண்டனில் இருப்பார். வழக்கு வேறெங்காவது போகும். 1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரெத்தாஞ் கரையில் போர்சாலுக்கு எதிரே அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, 2 லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பிரெஞ்சு அரசும் கரையோர ஊர்களும் தொடுத்த அந்த வழக்கு சிகாகோவில் நடந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் மாலுமி சொன்ன ஒரு வினைச்சொல்கூடச் சாட்சியமாகிவிடும். அதனால் கப்பல் நகர்ந்தது என்று படித்தவுடன் எனக்கு முதலில் எழும் கேள்வி, எது நகர்த்தியது என்பதுதான். காற்றா, நீரோட்டமா, இயந்திரமா, உள்ளே இருக்கும் சுமையா? பிரெஞ்சு பல இடங்களில் அதைச் சொல்லாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் சொல்லாமல் தப்ப முடியாது.

கடலில் மிதக்கும் கப்பலுக்கு உள்ள ஆறு அசைவுகளும் பாடப்புத்தகத்திலேயே பிரெஞ்சும் ஆங்கிலமுமாக ஜோடி ஜோடியாகக் கிடைக்கும். ரூலி என்றால் ரோல் (பக்கவாட்டில் ஆடுவது), தாங்காஜ் என்றால் பிட்ச் (முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவது), பிலோன்மான் என்றால் ஹீவ் (முழுதாக மேலும் கீழும் போவது). சரி, இவற்றில் தொல்லை இல்லை. ஆம்பார்தே மட்டும் எழுதியவரைப் பொறுத்து மாறும். கப்பல் வடிவமைக்கும் பொறியாளர் எழுதினால், முகம் திரும்பாமல் கப்பல் முழுதாகப் பக்கவாட்டில் பெயர்வது, அதற்கு ஸ்வே. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் சொன்னால், கப்பல் திடீரென்று முகம் திருப்பிப் பாதையை விட்டு விலகியது, அதற்கு ஷியர். குறுகிய கால்வாயில் கரையை ஒட்டிப் போகும் கப்பலின் பின்பக்கம் கரைப்பக்கமாக இழுபட்டு, முன்பக்கம் எதிர்ப்பக்கம் பாய்வதுண்டு. அங்கே ஸ்வே என்று எழுதினால் விபத்தின் காரணமே மறைந்துபோகும்.

என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது ஜீத். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் குறிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் காற்றோ அலையோ கூர்மையான திருப்பமோ வெளியிலிருந்து சாய்த்தால் ஹீல். உள்ளே எடை ஒரு பக்கமாகச் சேர்ந்து சாய்ந்தால் லிஸ்ட். 2016 ஜனவரியில் காபோனிலிருந்து மரமும் கட்டுமான இயந்திரங்களும் ஏற்றிக்கொண்டு பிரெஞ்சுத் துறைமுகமான லெ ஆவ்ருக்கு வந்துகொண்டிருந்த மாடர்ன் எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கப்பல், பிஸ்கே விரிகுடாவில் சாய்ந்து அப்படியே கிடந்தது. 22 பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கப்பலை இழுவைக் கப்பல் ஸ்பெயினின் பில்பாவோவுக்குக் கொண்டுபோனது. காற்று தணிந்தாலும் நிமிராத அந்தச் சாய்வு லிஸ்ட் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பல அறிக்கைகளில் 15 டிகிரி ஜீத் என்று மட்டும் இருக்கும். அது திருப்பத்தின்போதா, திருப்பம் முடிந்த பிறகா? சுக்கான் கோணமும் நேரமும் உள்ள பக்கத்தைத் தேடிப் போய்விடுவேன்.

இன்னொரு வகைச் சாய்வும் உண்டு. கப்பலின் எடை மையம் அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டால் அது நேராக நிற்க முடியாமல் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து, அந்தக் கோணத்தில் நிலைகொள்ளும். ஆங்கிலத்தில் அது லால். வெளியிலிருந்து பார்த்தால் லிஸ்ட் போலவே தெரியும். லிஸ்ட் என்று நினைத்து உயர்ந்த பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால், கப்பல் மறுபக்கம் வேகமாக விழுந்து இன்னும் மோசமாகச் சாயக்கூடும். அடியில் தாழ்ந்த பக்கத்துத் தொட்டியிலிருந்துதான் நிரப்பத் தொடங்க வேண்டும். ஜீத் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இந்த மூன்றும் நிற்கின்றன. கப்பல் தளத்தில் நின்றவர் என்ன நினைத்து எந்தத் தொட்டியைத் திறந்தார் என்பதே சில சமயம் வழக்காகிறது. அறிக்கையிலிருந்து காரணம் தெரியாவிட்டால் நான் இன்க்ளினேஷன் என்று பொதுவாக எழுதி, வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பும் வைத்துவிடுவேன். காரணத்தை ஊகித்துச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

ஃபேர் ரூத் இன்னொரு வகை. பேச்சில் அது ஒரு திசையில் போய்க்கொண்டிருப்பது. 1972-ம் வருஷத்து மோதல் தடுப்பு விதிகளில் அதன் பொருளே வேறு: நங்கூரமிடாத, கரையில் கட்டப்படாத, தரைதட்டாத கப்பல் எல்லாமே அந்த நிலையில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த நிலைக்குப் பெயர் அண்டர்வே. இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா மிதக்கும் கப்பலும் அண்டர்வேதான். தண்ணீரைக் கிழித்துப் போவதற்கு வேறு சொல், மேக்கிங் வே. பிரெஞ்சில் அந்த ஓட்டத்தை ஏர் என்பார்கள். பனிமூட்டத்தில் இது ஒலியாகவே வெளிப்படும். இயந்திரக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் 2 நிமிஷத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல். நின்றுபோய் ஏர் இல்லாமல் மிதந்தால் இரண்டு. கேப்டனின் வாக்குமூலத்தில் ஃபேர் ரூத் வந்தால், ஊதலைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று அடுத்த பக்கங்களில் பார்ப்பேன். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

அப்புறம் தெரீவ். பிரெஞ்சு மாலுமிப் பள்ளியில் அது காற்று தள்ளியதால் கப்பலின் முகத்துக்கும் அது தண்ணீரில் போகும் பாதைக்கும் இடையே விழும் கோணம், ஆங்கிலத்தில் லீவே. ஆனால் ஜி.பி.எஸ். காட்டிய பாதையை வைத்து விசாரணையாளர் தெரீவ் என்று எழுதினால் அதற்குள் நீரோட்டமும் கலந்திருக்கிறது. அப்போது லீவே என்று எழுதக் கூடாது, ஏனென்றால் நீரோட்டத்தின் பங்கும் காற்றின் கணக்கில் போய்விடும். எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கருவியின் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகே அந்த வரியைத் தொடுகிறேன். கருவியின் பெயரும் இல்லையென்றால், முகத்துக்கும் பாதைக்கும் இடையே இத்தனை டிகிரி என்று விரித்தே எழுதிவிடுகிறேன். வாக்கியம் நீளும்தான். லண்டனில் அதைப் படிப்பவர் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடப் போகிறாரே.