ஆர்எச்சிஎஸ்ஏ எழுதுகிறவர்களுக்கு: டார் கமாண்டை லேசாக நினைத்து விட்டுவிடாதீர்கள்

முதல் தடவை ஆர்எச்சிஎஸ்ஏ (லினக்ஸ் நிர்வாகிகளுக்கு ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் சான்றிதழ் தேர்வு) எழுதி, தேற வேண்டிய 210 மதிப்பெண்ணைத் தொட முடியாமல் போனபோது, ரிசல்ட் மெயிலில் ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகுதி வாரியாகச் சதவீதம் போட்டிருப்பார்கள். எல்விஎம் (டிஸ்க் இடத்தை நிர்வகிப்பது), எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) என்று நான் பயந்து பயந்து படித்ததெல்லாம் ஓரளவு தேறியிருந்தது. 'அடிப்படைக் கருவிகள்' என்ற பகுதியில்தான் அடி வாங்கியிருந்தேன். கிரெப், லிங்க், பெர்மிஷன், எஸ்எஸ்எச், கூடவே பல ஃபைல்களை ஒன்றாக்கும் டார், அவற்றைச் சுருக்கும் ஜிசிப், பிசிப்2 வைத்து ஃபைல்களை மூட்டை கட்டுவதும் பிரிப்பதும் எல்லாம் அதில்தான் வருகிறது. தினமும் வேலையில் அடிக்கிற கமாண்டுகள்தானே, இதற்கு எதற்குத் தனியாகப் பயிற்சி என்று விட்டிருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வில் வந்த கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வுக்கு உட்காருகிறோம், அதை மீறக்கூடாது. ஆனால் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்ற பட்டியலை ரெட் ஹேட்டே வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து, என் பயிற்சி மெஷினில் நான் செய்த தவறுகளை வைத்துத்தான் எழுதுகிறேன்.

இது தெரிவுக் கேள்வித் தேர்வு இல்லை. 3 மணி நேரம், 300 மதிப்பெண், தேற 210. உயிரோடு ஓடுகிற மெஷினைக் கையில் கொடுத்து வேலையைச் செய் என்பார்கள். இணையம் கிடையாது, ஆனால் மேன் பேஜ் (மெஷினிலேயே இருக்கும் கமாண்டுக் கையேடு) உண்டு. நீங்கள் எந்த வழியில் செய்தீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, கடைசியில் மெஷினில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே 'கமாண்டு ஓடியது, எரர் வரவில்லை' என்பதை நம்பி அடுத்த கேள்விக்குத் தாவுவது பெரிய ஆபத்து, டார் விஷயத்தில் இன்னும் பெரிய ஆபத்து, ஏனென்றால் தவறாகக் கட்டிய மூட்டையும் பார்வைக்குச் சரியான மூட்டை மாதிரியேதான் இருக்கும்.

தோற்ற பிறகு வீட்டில் பயிற்சி மெஷினைத் திறந்து, நான் முன்பு உருவாக்கி வைத்திருந்த ஆர்க்கைவ்களை, அதாவது டார் மூட்டைகளை, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 'ஃபைல்' என்ற பெயரிலேயே ஒரு கமாண்டு இருக்கிறது, ஒரு ஃபைல் உள்ளுக்குள் உண்மையில் என்ன வகை என்று அது சொல்லும். டார்.பிஇசட்2 என்று பெயர் வைத்திருந்த மூன்று ஃபைல்கள் உள்ளே ஜிசிப்பாக இருந்தன! பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் சி-இசட்-எஃப் என்றே விரல் அடித்திருக்கிறது. பெயரின் பின்னொட்டைப் பார்த்து டார் தானாக வகையைத் தேர்ந்தெடுக்காது. ஜிசிப்புக்குச் சின்ன இசட், பிசிப்2-க்குச் சின்ன ஜே, எக்ஸ்இசட்டுக்குப் பெரிய ஜே என்று நாம்தான் சொல்ல வேண்டும், அல்லது சின்ன ஏ போட்டால்தான் பின்னொட்டைப் பார்க்கும்.

இதில் மோசமான விஷயம், பிரித்துப் பார்த்தாலும் இந்தத் தவறு தெரியாது. லினக்ஸில் இருக்கிற க்னூ டார், பிரிக்கும்போது ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்தே என்ன கம்ப்ரெஷன் என்று கண்டுபிடித்துக்கொள்ளும். வெறும் எக்ஸ்-எஃப் போதும், பெயர் பொய்யாக இருந்தாலும் அழகாகப் பிரிந்துவிடும். நானும் அப்படித்தான் பிரித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டிருக்கிறேன். தேர்வில் எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று எனக்குச் சொல்லப்படவில்லை, ஆனால் இந்த மூன்று ஃபைல்களைப் பார்த்த பிறகு என் படிப்பு முறையே மாறியது.

ஆப்ஷன் எழுத்துகளை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். சி கட்டும், எக்ஸ் பிரிக்கும், டி உள்ளே இருப்பதைப் பட்டியல் போடும், வி பேசிக்கொண்டே வேலை செய்யும். எஃப் மட்டும் கொஞ்சம் வேறு. டார் என்றால் டேப் ஆர்க்கைவ், 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் காலத்துக் கருவி. அப்போது மூட்டை போய்ச் சேர வேண்டிய இடம் காந்த நாடா. 'நாடாவுக்குப் போகாதே, இதோ இந்தப் பெயரில் ஒரு ஃபைலாக வை' என்று சொல்லத்தான் எஃப். அதாவது எஃப் தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்கிற எழுத்து. இது மனதில் பதிந்துவிட்டால் நிறையத் தவறுகள் தானாக நின்றுவிடும்.

ஹைஃபன் போட்டு சி-எஃப்-இசட் என்ற வரிசையில் அடித்துப் பாருங்கள். எஃப்-க்கு அடுத்து ஒட்டியிருக்கும் இசட்டையே அது பெயராக எடுத்துக்கொண்டு, இசட் என்று ஒரு ஃபைலை உருவாக்கிவிட்டு, நீங்கள் கொடுத்த ஆர்க்கைவ் பெயரைக் காணவில்லையே என்று எரர் தரும். இதையே ஹைஃபன் இல்லாமல் பழைய பாணியில் அடித்தால் வேலை செய்யும், அங்கே விதி வேறு. இரண்டையும் கலந்து பழகினால் பதற்றத்தில் எது எது என்று மறந்துபோகும். ஒரே பாணியை வைத்துக்கொள்ளுங்கள், எஃப் எப்போதும் கடைசி எழுத்து. நான் ஹைஃபனோடு பழகினேன்.

ஆர்க்கைவ் பெயரைக் கொடுக்க மறப்பது இதைவிடக் கொடியது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை இரண்டு கான்ஃபிக் ஃபைல்களை பேக்கப் எடுக்கப் போய், சி-எஃப் போட்டு நேராக அந்த இரண்டு பெயர்களையும் கொடுத்துவிட்டேன். முதல் ஃபைலைத்தான் நான் ஆர்க்கைவ் பெயராகச் சொல்கிறேன் என்று டார் எடுத்துக்கொண்டது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, முதல் கான்ஃபிக் இருந்த இடத்தில் இரண்டாவதின் ஆர்க்கைவ் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு பெயர் கொடுத்திருந்தால், காலி ஆர்க்கைவ் உருவாக்க மாட்டேன் என்று டார் மறுத்திருக்கும். இரண்டு கொடுத்ததால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நல்லவேளையாகப் பழைய பிரதி ஒன்று வேறு மெஷினில் இருந்தது. அன்றிலிருந்து எஃப் அடித்ததும் கையை நிறுத்தி, அடுத்த வார்த்தை டார் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

பாதைகள். முழுப் பாதை கொடுத்துக் கட்டினால், பெயர்களின் முன்னால் இருக்கும் சாய்கோட்டை நீக்குகிறேன் என்று ஒரு வரி வரும். பலர் இதை எரர் என்று நினைத்துத் திரும்பச் செய்கிறார்கள். அது வெறும் தகவல்தான். பிரிக்கும்போது மெஷினின் உண்மையான ஃபைல்கள் மேல் போய் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு, இடிசி டைரக்டரியைக் கட்டியிருந்தால், பிரிக்கும்போது நீங்கள் நிற்கிற இடத்திலேயே இடிசி என்று ஒரு டைரக்டரி முளைக்கும். வேறு இடத்தில் பிரிக்கப் பெரிய சி போட்டு இடத்தைச் சொல்லுங்கள். அந்த டைரக்டரி முன்பே இருக்க வேண்டும், டார் அதை உருவாக்கித் தராது. கட்டும்போதும் பெரிய சி பயன்படும், வார் டைரக்டரிக்குப் போய் அங்கிருந்து லாக் டைரக்டரியை எடு என்றால் உள்ளே லாக் என்றே ஆரம்பிக்கும். தனக்குப் பின்னால் வருகிற பெயர்களுக்குத்தான் அது பொருந்தும், வரிசை மாறினால் பலன் மாறும். சில ஃபைல்களை விட்டுவிடச் சொல்லும் எக்ஸ்க்ளூட் ஆப்ஷனையும் கட்ட வேண்டிய டைரக்டரி பெயருக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

பெர்மிஷன் பற்றி ஒரு வார்த்தை. ரூட்டாக (நிர்வாகி யூசராக) பிரித்தால் பழைய உரிமையாளரும் பெர்மிஷனும் அப்படியே வரும். சாதாரண யூசராகப் பிரித்தால் எல்லாம் உங்கள் பெயரில் வரும், உங்கள் யூமாஸ்க்கும் (புது ஃபைலின் பெர்மிஷனைக் குறைக்கும் அமைப்பு) கை வைக்கும். யாராக லாகின் செய்து செய்கிறீர்கள் என்பதைக் கேள்வியை வாசிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு எஸ்இலினக்ஸையும் சேர்த்துப் படியுங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டவை. வெப் சர்வரின் டைரக்டரியில் ஃபைல்களை வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சி போட்டு நேராக அங்கேயே பிரித்தால், புதிதாக உருவாகிற ஃபைல்கள் பொதுவாக அந்த டைரக்டரியின் எஸ்இலினக்ஸ் லேபிளை (எந்த புரோகிராம் தொடலாம் என்று தீர்மானிக்க உதவும் குறி) பெற்றுக்கொள்ளும். ஹோம் டைரக்டரியில் பிரித்துவிட்டு எம்வி கமாண்டால் நகர்த்தினால் பழைய லேபிளையே சுமந்துகொண்டு வரும், பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் திறக்காது. லேபிளைத் திருத்தும் ரெஸ்டோர்கான் கமாண்டைப் போட்டால் சரியாகிவிடும். அது எதனால் என்று தெரியாதவர்கள் அரை மணி நேரத்தை அங்கே தொலைத்துவிடுவார்கள்.

பிசிப்2 பற்றி இன்னொன்று. மினிமல் இன்ஸ்டால் செய்த மெஷினில் அந்தப் பேக்கேஜே இல்லாமல் இருக்கலாம். சின்ன ஜே போட்டால், பிசிப்2-வை இயக்க முடியவில்லை என்று டார் புலம்பும், ஆனாலும் அந்தப் பெயரில் ஒன்றுமில்லாத ஒரு ஃபைல் கிடக்கும். எல்எஸ் மட்டும் போட்டுப் பெயர் இருக்கிறது என்று போய்விடாதீர்கள், சைஸையும் பாருங்கள். டிஎன்எஃப் என்ற இன்ஸ்டால் கமாண்டை வைத்து பேக்கேஜைப் போட வேண்டும், அதற்கு ரெபோ (பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) அமைந்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சியாக இருந்தாலும் ரெபோ வேலையை முதலில் முடித்துவிடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

டார் இல்லாமல் ஜிசிப்பைத் தனியாக ஓட்டினால் மூல ஃபைல் போய்விடும், ஜிஇசட் மட்டும் மிஞ்சும். மூலமும் வேண்டும் என்றால் சின்ன கே. பிசிப்2-க்கும் அதே. ஏற்கெனவே கம்ப்ரெஸ் செய்த ஆர்க்கைவில் ஆர் போட்டு இன்னொரு ஃபைலைச் சேர்க்க முடியாது, கம்ப்ரெஸ் செய்யாததில்தான் முடியும். பழைய நோட்ஸ்களில் ஸ்டார் என்று இன்னொரு கருவி வரும், உங்கள் வெர்ஷனுக்கான இப்போதைய பட்டியலில் அது இல்லையென்றால் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

புரிந்து படிப்பதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ஐந்து எழுத்து உள்ள ஒரு ஃபைலை கம்ப்ரெஷன் இல்லாமல் டாரில் கட்டி, சைஸைப் பாருங்கள். 10,240 பைட் இருக்கும். தலைப்புக்கு 512, உள்ளடக்கத்துக்கு இன்னொரு 512, முடிவைக் காட்ட இரண்டு வெற்று 512, அப்புறம் மொத்தத்தையும் இப்படி 512 பைட் கொண்ட இருபது பிளாக்காக நிரப்பிவிடும். எல்லாம் நாடா காலத்துக் கணக்கு. ஆர்க்கைவ் ஏன் மூலத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பிறகு திகைக்க மாட்டீர்கள்.

இரண்டாம் தடவைக்கு முன்னால் ஆறு வாரம், தினமும் இரவு பத்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்கினேன். ரெட் ஹேட் லினக்ஸ் மாதிரியே இயங்கும் ராக்கி லினக்ஸோ அல்மா லினக்ஸோ இலவசம், ரெட் ஹேட்டின் டெவலப்பர் சந்தாவும் தனிநபருக்கு இலவசம், விர்ச்சுவல் மெஷினில் போட்டால் போதும். கட்டு, டி-வி-எஃப் போட்டு உள்ளே பார், 'ஃபைல்' கமாண்டால் வகையைப் பார், புது டைரக்டரியில் பிரி, டிஃப் ஆர் போட்டு மூலத்தோடு ஒப்பிடு. இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் எனக்கு ஒரு வேலை, கட்டுவதோடு அது முடிவதில்லை. மறந்த ஆப்ஷனை மேன் பேஜில் சாய்கோடு போட்டுத் தேடி எடுப்பதையும் பழகினேன், கூகுளைத் திறக்கவில்லை. தேர்வு அறையிலும் அதையே செய்தேன், சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த முறை தேறிவிட்டேன், அடிப்படைக் கருவிகள் பகுதியில் முழுச் சதவீதம்.

இன்றிரவு செய்து பார்க்க ஒன்று தருகிறேன். ஒரு சாதாரண யூசரை உருவாக்கி அவர் ஹோமில் சில ஃபைல்களும் ஒரு சிம்பாலிக் லிங்க்கும் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) வையுங்கள். ரூட்டாக அந்த ஹோமை, லாக் என்று முடிகிற ஃபைல்களை விட்டுவிட்டு, பிசிப்2-வில் கட்டுங்கள், உள்ளே பெயர்கள் யூசர் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஹோம் என்ற சொல் வரக்கூடாது. அப்புறம் ஆப்ட் டைரக்டரிக்குள் புதிதாக ஒரு டைரக்டரி செய்து அங்கே பிரித்து, உரிமையாளர் மாறாமல் இருக்கிறாரா, லிங்க் லிங்க்காகவே இருக்கிறதா என்று பாருங்கள். மேன் பேஜைத் தவிர வேறெதையும் திறக்காமல் பத்து நிமிடத்தில் முடிகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள், எங்கே மாட்டினீர்கள் என்று எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன்.