அம்மாவின் தொடை இடுக்கில் துடித்த கட்டி

அம்மாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறக்கும் சிகிச்சை) முடிந்து ஐந்தாவது நாள் ராத்திரி, மறுபடியும் எமர்ஜென்சி வாசலில் நின்றோம். இதயத்துக்காக இல்லை, அது நன்றாகவே இருந்தது. குழாய் விட்ட தொடை இடுக்குக்காக. இந்தப் பிரச்சினை வரலாம் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே புரியும்படி சொல்லியிருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போயிருப்பேன், அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, கொஞ்சம் கனத்த உடம்பு. அம்பாசமுத்திரத்தில் வீடு, ஆஸ்பத்திரி திருநெல்வேலியில். முதலில் மணிக்கட்டு வழியாகத்தான் முயற்சி செய்தார்கள், இப்போதெல்லாம் முடிந்தவரை அப்படித்தான் செய்கிறார்கள், ரத்தக் கசிவு குறைவு என்பதால். ஆனால் அம்மாவின் மணிக்கட்டு ரத்தக் குழாய் மெல்லியது, ஒயர் உள்ளே போனதும் இறுகிச் சுருங்கிக்கொண்டது. அதனால் வலது தொடை இடுக்கு வழியாகப் போய், இதயக் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலைக் குழலான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். சாயங்காலம் ஷீத்தை (கருவிகள் உள்ளே போகத் தொடைக் குழாயில் செருகியிருந்த பிளாஸ்டிக் குழலை) எடுத்துவிட்டு ஒரு டெக்னீசியன் இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடித்தார், மேலே மணல் மூட்டை வைத்தார், காலை மடக்கக் கூடாது என்றார். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் பிரித்த இடத்தில் நீலமாகக் கன்றியிருந்தது. அது சகஜம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், உண்மையும் அதுதான், தொடை வரைக்கும் கன்றி, பச்சையாகி மஞ்சளாகி மறைவது நிறையப் பேருக்கு நடக்கும். நான் அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலை அம்மா தரையில் குந்தி, அரிவாமணை போட்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு எழுப்பினேன். ஒரு வாரம் குந்தக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, மாடிப்படி கவனம், இந்திய டாய்லெட் வேண்டாம் என்றெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது, ஆங்கிலத்தில். அம்மாவுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் கூட.

அன்றிலிருந்தே அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி எழும்பியிருக்கிறது. அம்மா சொல்லவில்லை. இடம் அப்படி. அந்த இடத்தைப் பெற்ற மகளிடம் காட்டுவதற்கே கூச்சப்படுகிற தலைமுறை. சித்தியிடம் மட்டும் போனில் சொல்லி, சித்தி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, அதையும் யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை செய்திருக்கிறார். குளித்துவிட்டு வரும்போது காலை இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன். "ஒண்ணும் இல்லட்டி, ரத்தக் கட்டு, தானா வத்திரும்" என்றார். விடாமல் சேலையை விலக்கிப் பார்த்தேன். முழங்கால் பக்கம் வரை கறுத்த ஊதா. நடுவில் வீக்கம். மேலே உள்ளங்கையை மெதுவாக வைத்தேன், அது துடித்தது. நாடி அடிப்பதற்குச் சரியாக, ஒவ்வொரு அடிக்கும் கையைத் தள்ளியது. வெறும் ரத்தக் கட்டு கல் மாதிரி சும்மா இருக்கும், துடிக்காது. எனக்கு அப்போது அது தெரியாது, ஆனாலும் கை வைத்த அந்த நொடியில் இது சரியில்லை என்று பட்டது.

ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டால், எடுத்தவர் "கன்றியிருக்கும்மா, ரிவ்யூ தேதியில் காட்டுங்க" என்றார். துடிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். அதே பதில். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் ரிவ்யூ தேதி இன்னும் ஒன்பது நாள் தள்ளி இருந்தது. கார் பிடித்துக் கிளம்பிவிட்டோம்.

டூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் திரையை இழுத்து மூடிவிட்டு, அம்மாவிடம் அனுமதி கேட்டு, கட்டி மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு பாதங்களிலும் நாடி பார்த்தார், கால் சூடாக இருக்கிறதா, மரத்துப் போகிறதா, முதுகு வலி உண்டா, மயக்கம் வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். முதுகு வலி எதற்கு என்று புரியாமல் விழித்தேன். ஊசி கொஞ்சம் மேலே தள்ளிக் குத்தப்பட்டால் ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குப் பின்பக்கம் கசியும், தொடையில் ஒன்றும் இருக்காது, முதுகோ விலாவோ வலிக்கும், வேர்க்கும், பிரஷர் இறங்கும், உயிருக்கே ஆபத்து அதுதான் என்றார். அம்மாவுக்கு அது இல்லை.

காலையில் டாப்ளர் ஸ்கேன், ரத்தம் ஓடுவதை நிறமாகக் காட்டுவது. திரையில் தொடைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பை, அதற்குள் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுழன்றன. 3.2 சென்டிமீட்டர். பெயர் சூடோஅனூரிசம், அதாவது போலி ரத்தக் குழாய் வீக்கம். குழாயில் போட்ட துளை மூடாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வெளியே பீய்ச்சி ஒரு பையாகத் தங்குகிறது, துடிப்பு தணியும்போது கொஞ்சம் திரும்பக் குழாய்க்குள் போகிறது. அந்தப் பைக்குச் சொந்தமாகச் சுவர் இல்லை, சுற்றியுள்ள சதையும் உறைந்த ரத்தமும்தான் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் போலி என்று பெயர். உள்ளே போன ஷீத் 6 பிரெஞ்சு, ஒரு பிரெஞ்சு என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, ஆக ஷீத்தின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர், குழாயில் விழும் துளை அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அவ்வளவு சின்னது இவ்வளவு செய்யும்.

இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பல சமயம் தானாகவே உறைந்து மூடிவிடும், வாரா வாரம் ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கலாமாம். அம்மாவுடையது பெரியது, வலியும் இருந்தது, ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் வேறு ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு மாத்திரைகளையும் பற்றித்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். "ரத்தம் உறையாமல் இருக்கத்தானே மாத்திரை, நாலு நாள் நிறுத்தினால் தானாக மூடிக்கொள்ளும்" என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டாக்டர் குரலை உயர்த்திவிட்டார். ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்போது நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும், தொடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலில் அழுத்திப் பார்த்தார்கள். ஸ்கேன் கருவியை வைத்து, பையின் கழுத்து, அதாவது பையையும் குழாயையும் இணைக்கும் வழி, மூடும் அளவுக்கு, ஆனால் கால் குழாய் மூடாத அளவுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும். வலி மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள், அப்படியும் அம்மா என் விரல்களை நெரித்த நெரியில் வளையல் உடைந்தது. இருபது நிமிடம், இடைவெளி, மறுபடி இருபது நிமிடம். எடுத்ததும் சிவப்பும் நீலமும் திரும்ப வந்தன. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு இது பலிக்காமல் போவது அதிகம் என்றார்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த முறையாம் இது, அதற்கு முன்னால் பெரும்பாலும் கத்திதான்.

அடுத்தது த்ராம்பின் ஊசி. த்ராம்பின் நம் ரத்தத்திலேயே உண்டாகிற பொருள்தான், ரத்தத்தை உறைய வைப்பது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைப் பைக்குள் செலுத்தி, கழுத்துக்கு எட்டத் தள்ளி, சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பையில் இருந்து குழாய்க்குள் நழுவிவிட்டால் கால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதுதான் இதில் பயம். அம்மாவுக்கு அந்தப் பையின் கழுத்து ஒடுக்கமாக இருந்தது நல்லது என்றார் டாக்டர். ஏதாவது அலர்ஜி உண்டா, முன்னால் இந்த மருந்து போட்டதுண்டா என்று கேட்டார்கள். ஒருவேளை பலிக்காவிட்டால் ஆபரேஷன் என்று அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள், அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது.

உள்ளே என்னை நிற்க விட்டார்கள். ஊசி முனை திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. ஒரு மில்லிகூட இருக்காது, விட்டார். ஐந்தாறு நொடிதான். சுழன்றுகொண்டிருந்த நிறம் ஓரத்திலிருந்து மங்கி, நடுவில் ஒரு சின்னக் கீற்றாகி, நின்றது. பை முழுக்கச் சாம்பல் நிறம். பக்கத்தில் கால் குழாய் மட்டும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே பாதத்தில் நாடி பார்த்து "இருக்கு" என்று நர்ஸ் சொன்னார். அம்மா "முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். நாற்பது நிமிட அழுத்தத்துக்கு அழுதவருக்கு இது எறும்பு கடித்த மாதிரிகூட இல்லையாம்.

ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கை, மறுநாள் ஸ்கேன், மூடியே இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அப்படியே. கட்டி உடனே மறையவில்லை, துடிப்பில்லாத கெட்டியாக ஒன்றரை மாதம் இருந்து மெல்லக் கரைந்தது.

கிளம்பும்போது அந்த டூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது. திடீரென ரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வைத்து, துளைக்குச் சற்று மேலே கையால் நன்றாக அழுத்திப் பிடித்தபடியே 108ஐக் கூப்பிட வேண்டும். கால் சில்லிட்டு வெளுத்தால், மரத்தால், முதுகு வலியோடு மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கட்டி துடித்தாலோ, பெருத்தாலோ, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டாலோ, காய்ச்சலோடு சிவந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஒத்தடம், எண்ணெய், பத்துப் போடுவது எதுவும் வேண்டாம். போனில் "ரிவ்யூவில் பார்க்கலாம்" என்றால் டாப்ளர் எடுக்கச் சொல்லி நேரில் போய்க் கேளுங்கள்.

போன மாதம் பக்கத்துத் தெரு அத்தைக்கு ஆஞ்சியோ செய்தார்கள், தொடை வழியாகத்தான். அத்தை வீடு வந்த மறுநாளே அம்மா போய், கதவைச் சாத்திவிட்டு, "கூச்சப்படாத, காட்டு" என்று கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். துடிக்கவில்லை, வெறும் கன்றல்தான்.